பத்து வேண்டாம், எட்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் பத்துக் கம்ப்யூட்டர்கள் வழங்கப்பட்டன என்று செய்தி. வரிசையாக அட்டைப்பெட்டிகள், பின்னால் பேனர், முன்னால் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. கூடவே, அந்த இல்லத்தில் கணக்கு எழுதும் பெண் யாரோ, அவரை நினைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டு கழித்து அவர் என்ன பாடுபடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்தில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் 17 ஆண்டுகளாக அலுவலக வேலை பார்க்கிறேன். சின்ன டிரஸ்ட். 43 பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள், ஓர் ஆயாம்மா, ஒரு வேன். நான் சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் இருந்தவை ஒரு மர பீரோ, நான்கு பேரேடு, ஒரு ரசீதுப் புத்தகம். இப்போது எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான்.

இது நாங்கள் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டது இல்லை. பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்க வேண்டுமா, ஆன்லைன். நிராமயா காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஆன்லைன். பெற்றோர் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்களுக்காக நாங்கள்தான் உட்கார்ந்து பதிவு செய்கிறோம். அப்புறம் டிரஸ்ட் கணக்கு. தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு, வருமான வரித் தளத்தில் பதிவு, சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று தரும் நிதி, வாங்க வேண்டுமானால் அதற்கு 2021 முதல் தனிப் பதிவு. நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் டிரஸ்ட் எல்லாம் 2021-22 நிதியாண்டு முதல் ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயரையும் பான் எண்ணையும் தொகையையும் ஆண்டுக்கொரு முறை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று வந்தது. மே 31 கடைசி நாள். தவறினால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம்.

இவ்வளவையும் கம்ப்யூட்டரில் செய் என்று சொல்லும் யாரும், அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேரானால் யார் காசு கொடுப்பது என்று சொல்வதில்லை. நான் பேச வந்தது அந்தக் காசைப் பற்றி.

2018-இல் ஒரு நிறுவனம் எங்களுக்குப் பத்துக் கம்ப்யூட்டர் கொடுத்தது. எட்டு பிள்ளைகளுக்கு, இரண்டு அலுவலகத்துக்கு. பெயர் வேண்டாம், நல்ல மனதோடு கொடுத்தவர்கள், இன்றும் அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஒன்று 34,000 ரூபாய் வீதம் மொத்தம் 3,40,000. மேசை, நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு யூ.பி.எஸ். எல்லாம் வந்தன. அறைக்குப் பெயிண்டும் அவர்களே அடித்தார்கள்.

அந்த அறை எங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதை ஒரு வரியாவது சொல்லியாக வேண்டும். பென்சிலைப் பிடிக்க முடியாத ஒரு பையன் மவுஸைப் பிடித்தான். வாய் பேச வராத ஒரு பெண் குழந்தை திரையில் வரும் படத்தைத் தொட்டுக் காட்டித் தனக்குத் தண்ணீர் வேண்டும், சோறு வேண்டும், அம்மா வேண்டும் என்று கேட்கப் பழகினாள். அவள் முதல் தடவை ‘அம்மா’ படத்தைத் தொட்ட அன்று அவள் அம்மா வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். ஆகவே இது தேவையில்லாத ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்று ஆண்டு வாரண்டி முடிந்தது. முதலில் போனது யூ.பி.எஸ். பேட்டரிகள். எங்கள் ஊரில் கரண்ட் நாளைக்கு நாலு தடவை கண் சிமிட்டும். காற்றுக் காலத்தில் இன்னும் மோசம். கடையில் இருந்து வந்த மெக்கானிக் தம்பி ஒரு யூ.பி.எஸ்.ஸைத் திறந்து காட்டினார். “யக்கா, பேட்டரி உப்பிப் போயிருக்கு பாருங்க. பத்தும் ஒண்ணா வாங்கினது, பத்தும் ஒண்ணாத்தான் போகும்” என்றார். அப்படியேதான் போயின. இந்த வகைப் பேட்டரிக்கு இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டுதான் ஆயுள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கொடுக்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு பேட்டரி 950 ரூபாய். பத்துக்கு 9,500. நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்தது: பராமரிப்புக்கு எங்கள் திட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் அடுத்த ஆண்டு புதிய கம்ப்யூட்டர்கள் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று லட்சத்துக்குப் புதிதாக வாங்கித் தர வழி இருக்கிறது, ஒன்பதாயிரத்துக்குப் பேட்டரி மாற்றித் தர வழி இல்லை. எழுதியவர் மேல் கோபம் வரவில்லை, அவர் கையில் இருந்த படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் ஒரு நாளாவது எங்கள் அறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பேட்டரி இல்லாமலே ஓட்டினோம். கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் படீரென்று அணையும். இப்படி அணைந்து அணைந்துதான் அலுவலகக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் 2021 அக்டோபரில் போனது. 950 ரூபாய் பேட்டரி போடாததன் விலை அது.

அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவோம். எந்த மாதம் பொத்தான் போடக் கற்றான், எப்போது தானாகக் கழிப்பறை போனான், பிசியோதெரபி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதெல்லாம். வலிப்பு வரும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குறிப்பு. எந்தத் தேதி, எத்தனை நிமிடம், என்ன மாத்திரை, எப்போது மாற்றினார்கள். பழைய பேரேடுகளில் இருந்ததையும் நானே இரண்டு கோடை விடுமுறையில் டைப் செய்து ஏற்றியிருந்தேன். ஏற்றி முடித்ததும் பேரேடுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது என்று எடைக்குப் போட்டோம். வேறு நகல் இல்லை.

மதுரையில் ஒரு கடையில் டேட்டாவை மீட்டுத் தர 18,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் கிடைத்தால் கிடைக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கொரோனா முடிந்தும் முடியாத நேரம், சம்பளமே பாதிதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். செய்யவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு தாய் வந்தார். பையனுக்குப் பதினான்கு வயது. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் புது டாக்டர் பார்த்திருக்கிறார். முதல் வலிப்பு எந்த வயதில், எந்தெந்த மாத்திரை கொடுத்துப் பலன் இல்லாமல் போனது என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “நீங்கதான எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பீங்கன்னு நான் டாக்டர்ட்ட சொல்லிட்டு வந்தேன்” என்றார். ஏழு ஆண்டு நாங்கள் எழுதித்தான் வைத்திருந்தோம். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. பழைய மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறிப் போனார். தரையைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் அந்த மஞ்சள் பை கண்ணில் நிற்கிறது.

நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும், தவறுதான். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு இடத்தில் எடுக்கிறேன். ஒன்று பள்ளி பீரோவில், ஒன்று செயலாளர் வீட்டில். அன்றைக்கு இதைச் சொல்லித் தர ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கொடுத்த திட்டத்தில் பயிற்சி என்று ஒரு நாள் இருந்தது. அதில் ஆன் செய்வது, ஆஃப் செய்வது, இன்டர்நெட் பார்ப்பது சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளில் அரை மணி நேரம் நகல் எடுப்பதைச் சொல்லியிருந்தால் போதும்.

2023-இல் இன்னொரு சோதனை. மே 29 அன்று மாலை இரண்டாவது அலுவலகக் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. நன்கொடைப் பட்டியல் ஏற்ற இரண்டு நாள்தான் இருந்தது. ரசீதுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். 160 பேரின் பெயர், முகவரி, பான் எண். பின்னால் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முடித்துவிட்டு அழிக்க வேண்டியதை எல்லாம் அழித்தேன். ஆனாலும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் எது தங்கியது, எது போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது என்று உங்கள் நாளிதழில்தான் படித்தேன். நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் விவரத்தைக் காப்பது நியாயமான கடமை. அதைச் செய்யச் சொந்தமாக ஓடும் ஒரு கம்ப்யூட்டராவது வேண்டும் அல்லவா?

சரி, இதெல்லாம் ஆன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். ஒரு முழு ஆண்டு கம்ப்யூட்டருக்காக நாங்கள் செலவழித்த ஒவ்வொரு ரூபாயையும் தனி வவுச்சராகப் போட்டேன். பழைய பேட்டரிக்குப் பதில் ஐந்து பேட்டரி, 4,750. கீபோர்டு, மவுஸ், 3,000; எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் அழுத்தித்தான் தட்டுவார்கள். பவர் சப்ளை இரண்டு, 1,800. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. ஒன்று, 2,200. பிரின்டர் டோனர் நிரப்ப மாதம் 350 வீதம் 4,200. இன்டர்நெட் 7,200. மெக்கானிக் தம்பிக்கு வண்டிச் செலவும் கூலியுமாக ஆறு தடவைக்கு 3,000. கூட்டினால் 26,150 ரூபாய். வாங்கிய விலையோடு வைத்துப் பார்த்தால், நூறு ரூபாய் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு எட்டு ரூபாய் கூட ஆகவில்லை. இன்டர்நெட்டும் சேர்த்து!

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பவர்களிடம் கேட்கிறேன். பத்துக் கொடுக்க நினைத்தால் எட்டுக் கொடுங்கள். மீதி இரண்டின் விலை 68,000 ரூபாயை அதே டிரஸ்டின் பெயரில் பராமரிப்புக்கென்று தனியாக வங்கியில் போடுங்கள். எட்டு எந்திரங்களை மூன்று ஆண்டு ஓட்ட அது கிட்டத்தட்டச் சரியாக வரும். வவுச்சர் கேளுங்கள், போட்டோ கேளுங்கள், நேரில் வந்து எண்ணிப் பாருங்கள், எல்லாம் காட்டுகிறோம். மூன்றாம் ஆண்டு முடிவில் எட்டும் ஓடும். எங்களுக்கு வந்த பத்தில், நான்காம் ஆண்டு ஓடியவை ஆறு.

சட்டத்தில் இடமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன் கீழ் வரும் நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இதில் ‘நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடாது’ என்ற விதியை எங்களிடம் அடிக்கடி காட்டுவார்கள். ஆடிட்டர் விளக்கினார்: அந்த ஐந்து சதவீதம், நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கு வைத்த வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பிள்ளைகள் உட்காரும் கம்ப்யூட்டருக்குப் போடும் பேட்டரி திட்டச் செலவுதானே? இன்னொன்றும் சொன்னார். 2021-இல் திருத்திய விதிகளில் ‘தொடர் திட்டம்’ என்று ஒன்று உண்டு. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை ஒரு திட்டத்தை நீட்டலாம். அதாவது கம்ப்யூட்டர் கொடுக்கும் நாளிலேயே மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் திட்டம் போட வழி இருக்கிறது. போடுவதற்கு மனம்தான் வேண்டும்.

வெளிநாட்டு நிதி வாங்கும் இல்லங்களின் நெருக்கடி வேறு மாதிரி. வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை 2020-இல் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். கணக்கு எழுதுவது, டெலிபோன், கரண்ட் எல்லாம் அதற்குள்தான். அப்படி ஒரு இல்லத்தில் வேலை பார்க்கும் என் தோழி, அலுவலகக் கம்ப்யூட்டரைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு ஒன்பது ஆண்டாக ஓட்டுகிறார்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வியாபாரிக்கு அதைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. எங்களைப் போல எதையும் விற்காத டிரஸ்டுக்கு அது முழுக்கச் செலவுதான். 40,000 ரூபாய் எந்திரத்துக்கு 7,200 வரி. பத்து வாங்கினால் 72,000. எங்கள் பிள்ளைகளின் ஓராண்டு வேன் டீசலில் பெரும்பகுதி அது. பதிவு பெற்ற சிறப்புப் பள்ளிகளுக்காவது இதைத் திருப்பித் தர ஜி.எஸ்.டி. கவுன்சில் யோசிக்கலாம்.

பழைய கம்ப்யூட்டர் கொடுப்பதைப் பற்றி இரண்டு விதமாகவும் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு தடவை ஒரு அலுவலகத்தில் இருந்து ஆறு பழைய மானிட்டர்களை, அந்தக் கனத்த பெட்டி டிவி மாதிரி இருக்குமே அதை, எங்கள் வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். ஒன்றும் எரியவில்லை. இரண்டு ஆண்டு ஒரு வகுப்பறையின் மூலையை அடைத்துக்கொண்டு கிடந்தன. மின்கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று விதி. கடைசியில் எங்கள் செலவில் வண்டி வைத்து அனுப்பினோம். உங்களுக்கு வேண்டாத குப்பையை எங்களுக்குத் தானம் என்று தராதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய கம்ப்யூட்டர் பொன்தான். பெரிய நிறுவனங்கள் நாலைந்து ஆண்டில் மாற்றிவிடுகின்றன. அதில் ஒரு எஸ்.எஸ்.டி.யும் புது பேட்டரியும் போட்டால் இன்னும் ஐந்து ஆண்டு தாராளமாக ஓடும். கொடுக்கும் முன் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாக இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எங்கள் 2018 எந்திரங்களில் இருப்பது ஆறாம் தலைமுறை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை, ஒரே தேதியில் பழசாகிவிட்டன.

அந்தத் தேதி நெருங்கியபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. வழி சொன்னது மெக்கானிக் தம்பிதான். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியைப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர் அவர். “பிள்ளைங்க கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுருவோம்க்கா, காசே கிடையாது” என்றார். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. எனக்குப் பயம். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் பல ஆண்டாக இப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகிறது. புனலூரில் இருக்கும் என் சித்தி பேத்தி அதில் படித்தவள், அவளிடம் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் தைரியம் வந்தது. நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்ற லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. ஒரு சனி, ஞாயிறில் பிள்ளைகளின் எந்திரங்களுக்கெல்லாம் போட்டு முடித்தோம். ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயிண்ட் என்ற இரண்டு இலவச மென்பொருள்களும் எங்கள் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கின்றன. வாளிக்குள் நிறம் கொட்டுகிற மாதிரி ஒன்று. அதை வைத்து ஒருவன் காலை முழுவதும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான்.

இலவசம் என்றாலும் எல்லாம் தானாக நடந்துவிடாது. அலுவலகத்தில் ஓடும் கணக்கு மென்பொருளுக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் விண்டோஸை விட முடியவில்லை. அங்கே மட்டும் நல்ல பழைய எந்திரம் ஒன்று வாங்கினோம். இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் இசை ஆசிரியருக்குக் கண் பார்வை கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்; திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும். ஆனால் நாங்கள் பல ஆண்டாக வானவில் எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பாட்டுகளையும் கடிதங்களையும் திறந்தால், அது புரியாத ஆங்கில எழுத்துகளாக உளறியது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடித்த தமிழைத்தான் அதனால் படிக்க முடியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. எங்கள் அலுவலகத்துக்கு அது வந்து சேரப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்று ஓர் இலவச மென்பொருள் மாற்றித் தந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, சரிபார்த்து, விடுபட்ட கொம்பையும் காலையும் போட்டு முடிக்க எனக்கு இரண்டு மாத மாலைகள் போயின. முடித்த அன்று ஆசிரியர், தாம் எழுதிய பிள்ளைப் பாட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரே வாசிக்கக் கேட்டு, ‘இன்னொரு தடவை’ என்றார். மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆள் உழைப்புக்கு நேரம் வேண்டும், கூலி வேண்டும். எந்த நன்கொடைப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பாஸ்வேர்டு பற்றியும் சிறு டிரஸ்டுகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மின்னஞ்சலைத் தொடங்கித் தந்த பையன் தன் செல் நம்பரைக் கொடுத்திருந்தான். அவன் வேலை கிடைத்து வெளிநாடு போனதும் ஓ.டி.பி. எல்லாம் யாரிடமோ போயிற்று. மீட்க நாலு மாதம் ஆனது. டிரஸ்டின் பெயரில் ஒரு சிம் வாங்கிப் பீரோவில் வையுங்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அங்கே அமர்த்துங்கள். ஒரு பைக், ஒரு கருவிப் பெட்டி, உதிரிபாகத்துக்கு ஒரு சிறு தொகை. மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வந்தால் போதும். தூசி தட்டி, சாரல் காலத்தில் ஈரம் ஏறிய பிரின்டரைப் பார்த்து, எறும்பும் பல்லியும் புகாமல் கேபினட் ஓட்டையை அடைத்து, நகல் எடுத்திருக்கிறோமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் கஷ்டத்தில் பாதி பெரிய கோளாறால் வருவதில்லை. பல்லி ஒன்று யூ.பி.எஸ்.ஸுக்குள் செத்துக் கிடந்து ஒரு மதர்போர்டே போயிருக்கிறது.

ஐ.டி.ஐ.க்களில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் பராமரிப்பு என்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழுதான எந்திரம் பாடம். எங்களிடம் பழுதான எந்திரம் ஏராளம். இதைச் சேர்த்து வைக்க ஒரு சுற்றறிக்கை போதும். எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்று நானே ஒரு ஐ.டி.ஐ.க்குப் போய் முதல்வரைப் பார்த்தேன். கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஒரு பயிற்றுநரோடு மாணவர்களை மாதம் ஒரு சனிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் வழங்கும் விழாப் படத்தைப் போடுங்கள், அது இன்னும் நாலு பேரைக் கொடுக்கத் தூண்டும். மூன்று ஆண்டு கழித்து உங்கள் நிருபர் அதே அறைக்கு ஒரு தடவை போய், எத்தனை ஓடுகிறது என்று எண்ணி அதையும் ஒரு செய்தியாகப் போடட்டும். ஓடிக்கொண்டிருந்தால், கொடுத்தவரின் பெயரை இன்னொரு முறை பெரிதாகப் போடுங்கள்.

எங்கள் பள்ளியில் இன்றைக்கு ஏழு ஓடுகிறது. எட்டாவதற்கு எஸ்.எஸ்.டி. வாங்கி வைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை ஐ.டி.ஐ. மாணவர்கள் முதல் தடவையாக வருகிறார்கள்; ஆயாம்மா அவர்களுக்கும் சேர்த்துச் சாம்பார் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சிறப்புப் பள்ளி அலுவலகப் பணியாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.